கல்லூரி முடிந்தும் முடியாத உறவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் துளசேந்திரபுரம்தான் கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகம் என்பதால், அவரைப் பற்றிய செய்திகளை விடாமல் படிப்பேன். கல்லூரி நாளில் அவர் சேர்ந்த மாணவியர் சங்கத்தினர், நரை கண்ட வயதிலும் பச்சையும் இளஞ்சிவப்புமாக உடுத்தித் திரண்டு வந்து அவரை ஆதரித்தார்களாமே? படிப்பு முடிந்த பிறகும் அந்த உறவு எப்படி நிலைக்கிறது? – வாசகி, மன்னார்குடி

பதில்: அவர் சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்னும் சொராரிட்டி. வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-ஆம் ஆண்டு கறுப்பின மாணவியர் தொடங்கிய சங்கம் அது. கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட இத்தகைய மாணவியர் சங்கங்கள் அமெரிக்காவில் ஏராளம். ஆனால் வெள்ளையர் சங்கங்கள் கறுப்பினப் பெண்களுக்கு நெடுங்காலம் கதவைத் திறக்கவில்லை. ஆகவே இவர்கள் தமக்கென ஒன்றை அமைத்துக்கொண்டபோது, அது கல்லூரிக் கால நட்போடு நின்றுவிடாமல் ஆயுள் முழுவதும் தொடரும் உறுப்பினர் முறையாக வளர்ந்தது.

பட்டம் பெற்றவர்களுக்கென ஊர்தோறும் தனிக் கிளைகள் உண்டு. வேலைக்காகவோ திருமணத்தாலோ வேறு நகரத்துக்குக் குடிபெயரும் பெண், அங்குள்ள கிளையில் சந்தா கட்டிச் சேர்ந்துகொள்ளலாம். மாணவப் பருவத்தில் சேராதவர்களும் பட்டம் பெற்றபின் அழைப்பின் பேரில் நேரடியாக இக்கிளைகளில் சேர இடமுண்டு. சங்கத்தின் உண்மையான வலிமை கல்லூரி வளாகத்தைவிட இந்த ஊர்க் கிளைகளில்தான் இருக்கிறது என்பேன்.

காரணம், அங்கே வேலை நடக்கிறது. 1935 முதல் 1942 வரை கோடைதோறும் இச்சங்கத்தினர் மிசிசிப்பி மாநிலத்தில் நடத்திய மருத்துவப் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் டாரதி ஃபெரிபீயின் தலைமையில் சென்ற குழுவினர் ஓரிடத்தில் மருத்துவ முகாம் அமைக்கவே திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் நிலத்தை விட்டுக் கூலிக் குடும்பங்கள் வெளியே போவதைப் பண்ணையார்கள் விரும்பவில்லை. உடனே அந்தப் பெண்கள் மருந்துகளைத் தங்கள் கார்களிலேயே ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகச் சென்று, குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான், பெரியம்மைத் தடுப்பூசிகளைப் போட்டார்கள். அவர்கள் யாரும் அப்போது மாணவியர் அல்லர். ஆசிரியைகளும் செவிலியரும் மருத்துவர்களுமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், தம் கோடை விடுமுறையை இதற்குக் கொடுத்தார்கள். இப்படிச் சேர்ந்து உழைத்தவர்களை யாரும் வற்புறுத்தி ஒன்றுகூட்ட வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை விருந்து மட்டும் வைக்கும் சங்கம் மூன்றாம் ஆண்டே ஆளில்லாமல் போவதை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோமே!

கேள்வி: சிறிய ஊர் ஒன்றில் ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருந்தால் என்ன செய்வார்கள்? – வாசகர், ஈரோடு

பதில்: நல்ல கேள்வி. வேறு வேறு சங்கத்தினர் ஒன்றுசேர்ந்து அமைக்கும் ஊர்ப் பொதுச் சங்கம்தான் அதற்கு வழி. 1902-இல் ஏழு சொராரிட்டிகளின் பிரதிநிதிகள் சிகாகோவில் கூடி உருவாக்கிய தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்னும் கூட்டமைப்பில் பிற்காலத்தில் 26 சங்கங்கள் உறுப்பினராயின. அவற்றின் முன்னாள் மாணவியர் அந்தந்த ஊரில் கூடி நடத்தும் அமைப்புக்கு முன்னாள் மாணவியர் பான்ஹெலனிக் சங்கம் என்று பெயர். கல்லூரியில் புதிய மாணவியரைச் சேர்ப்பதில் ஒன்றோடொன்று போட்டியிட்ட சங்கங்களின் பெண்கள், இங்கே ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, உள்ளூர் மாணவியருக்கான கல்வி உதவித்தொகைக்கு நிதி திரட்டுகிறார்கள். முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்களையும் அவர்களுடைய தாய்மாரையும் அழைத்து, சங்கங்களில் சேர்வது எப்படி, எவ்வளவு செலவாகும் என்று விளக்குவதும் இவர்களின் வழக்கமான வேலை. குறிப்பாகத் தென் மாநிலங்களில் சங்கத்தில் சேர விரும்பும் பெண்ணுக்கு முன்னாள் உறுப்பினர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. தெரிந்தவர் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அது பெரிய தடை. அண்மை ஆண்டுகளில் பல சங்கங்கள் அதைக் கட்டாயமாக்குவதைக் கைவிட்டது நியாயமான முடிவு.

இப்படிப்பட்ட கூட்டு முயற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு சாட்சி நிற்கிறது. வேலைக்காக அந்நகரத்துக்கு வரும் பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும் என்று, எமிலி ஹெப்பர்ன் என்பவரின் தலைமையில் பல சொராரிட்டிகளின் முன்னாள் மாணவியர் தமக்குள் பங்குகள் விற்றுப் பணம் சேர்த்து, முதலாம் அவென்யூவில் 26 மாடி விடுதி ஒன்றைக் கட்டி 1928-இல் திறந்தார்கள். அடுத்து வந்த பொருளாதாரச் சரிவில் அறைகளை நிரப்ப ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. பின்னர் பீக்மன் டவர் என்று பெயர் மாறியது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கறுப்பினச் சங்கங்களுக்கு 1930-இல் உருவான தனிக் கூட்டமைப்பும், அதன் ஊர் மன்றங்களும் வேறாக உள்ளன. எனவே மேலே சொன்ன பொதுச் சங்கமும் கமலா ஹாரிஸின் சங்கத்தினர் கூடும் மன்றமும் ஒரே நகரத்தில் இருந்தாலும், பெரும்பாலும் தனித்தனியாகவே இயங்குகின்றன.