டீச்சரைக் கேளுங்கள்: பந்து விளையாடி என்ன சம்பாதிக்கப் போகிறாள்?

(மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் டீச்சர். இளமையில் மாநில மகளிர் காற்பந்து அணியின் தாக்குதல் ஆட்டக்காரர். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவருக்குப் பிடித்த விஷயம்தான்.)

என் மகள் படிவம் இரண்டு படிக்கிறாள். பள்ளி அணியில் கோல் அடிப்பதே இவள்தான். மாவட்ட அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். “பொம்பளப் புள்ள பந்து விளையாடி என்ன சம்பாதிக்கப் போவுது?” என்கிறார் வீட்டுக்காரர். அவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். என்ன பதில் சொல்வது டீச்சர்?
– ஒரு தாயார், லிந்தாங்

அம்மா, அவர் கேட்டது நியாயமான கேள்வி. தோட்டத்து வீட்டில் சம்பளக் கணக்குப் பார்க்காமல் எதுவும் நகராது. கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

ரேச்சல் குண்டனாஞ்சி என்று ஜாம்பியா நாட்டுப் பெண். உங்கள் மகளைப் போலவே தாக்குதல் ஆட்டக்காரர். சொந்த ஊரில் ஆடி, கஜகஸ்தானுக்குப் போய், அங்கிருந்து ஸ்பெயினில் இரண்டு அணிகள் மாறினார். 2024இல் அமெரிக்காவின் பே எப்.சி. அவரை 788,000 டாலர் அளவுக்கு வாங்கியது. அப்போது மகளிர் காற்பந்தில் அதுதான் உலகச் சாதனைத் தொகை. இதைக் கேட்டதும் உங்கள் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்காருவார். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அது ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுப்பது, அந்தப் பெண்ணின் சம்பளம் அல்ல. சம்பளம் தனி ஒப்பந்தம். மகளிர் ஆட்டத்தில் ஒப்பந்தங்கள் ஓராண்டு, ஈராண்டு என்று குறுகலாகவே இருக்கும். 2025இல் வந்த உலகக் காற்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் அறிக்கைப்படி, உலகில் ஒரு மகளிர் ஆட்டக்காரரின் சராசரி ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 10,900 அமெரிக்க டாலர்தான். மாதத்துக்குப் பிரித்தால் ஆயிரம் டாலர் தேறாது. நம் நாட்டில் துன் ஷரிபா ரொட்சியா கிண்ணம் என்ற மகளிர் காற்பந்துப் போட்டி 1976இலேயே தொடங்கிவிட்டது. இப்போது தேசிய மகளிர் லீக்கும் இருக்கிறது. ஆனாலும் நம் பெண்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டோ படித்துக்கொண்டோதான் ஆடுகிறார்கள்.

ஆகவே படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சை கட்டாயம். அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. பயிற்சி இருக்கிறது என்று டியூஷனை வெட்டினால், மகளை நீங்கள் கண்டிக்க வேண்டாம், என்னிடம் அனுப்புங்கள்.

அதற்காக மாவட்ட அணித் தேர்வுக்கு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். பிரேசிலின் மார்த்தா டோயிஸ் ரியாச்சோஸ் என்ற சின்ன ஊர்க்காரி. பையன்களோடுதான் ஆடிப் பழகினார். 14 வயதில் ரியோவுக்குப் போனார், 18 வயதில் ஸ்வீடனில் ஒப்பந்தம். உலகக் கிண்ணத்தில் 17 கோல் அடித்திருக்கிறார். ஆண், பெண் யாரும் அந்த எண்ணிக்கையைத் தாண்டியதில்லை. பிரேசிலில் பெண்கள் காற்பந்து ஆட 1941லிருந்து 1979 வரை சட்டப்படியே தடை இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் மகள் மார்த்தா ஆவாள் என்று நான் சொல்லவில்லை. ஆவாளா இல்லையா என்று படிவம் இரண்டில் யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டுக்காரரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் நல்ல ஆட்டக்காரிகள் பாதியில் நின்றதற்குத் திறமைக் குறைவோ அப்பாவின் கோபமோ காரணம் இல்லை. பயிற்சி மாலை ஆறரைக்கு முடியும். தோட்டத்துக்குள் போகிற கடைசி பஸ் அதற்கு முன்பே போயிருக்கும். முதலில் பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டாரில் ஏற்றிவருவார், அப்புறம் “யாரோடு வருகிறாள்?” என்று லயத்து வரிசை வீடுகளில் பேச்சு கிளம்பும், அடுத்த வாரம் பிள்ளை வராது. உங்கள் வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை திடலுக்கு வந்து அவளை அழைத்துப் போகச் சொல்லுங்கள், அது போதும். வந்து நிற்கிறவர் ஆட்டத்தையும் பார்ப்பாரல்லவா?

ஆஸ்திரேலியக் காற்பந்து வீராங்கனை சேம் கெர் இந்திய வம்சாவளி என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பீடோர்

உண்மைதான். அப்பா ரோஜர் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். மகள் பிறந்து வளர்ந்தது மேற்கு ஆஸ்திரேலியாவில். 12 வயது வரை அவர் ஆடியது ஆஸ்திரேலிய ரூல்ஸ் என்ற வேறு வகைப் பந்தாட்டம்; காற்பந்து பிறகு வந்தது. 15 வயதிலேயே நாட்டுக்காக ஆடினார். பிற்பாடு செல்சிக்குப் போய் 2020–21, 2021–22 என்று அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் இங்கிலாந்து லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். ஜெயித்தால் நம்மவர் என்று உரிமை கொண்டாட நமக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்! மணிப்பூரின் பாலா தேவியையும் தெரிந்துகொள்ளுங்கள். அவரும் முன்வரிசைதான். 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் ஒப்பந்தம் பெற்றார்.

போன ஆட்டத்தில் நான் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனால் பயிற்றுநர் என்னைத்தான் பாராட்டினார். கிண்டல் செய்கிறாரா என்றே புரியவில்லை, டீச்சர்.
– படிவம் நான்கு மாணவி, கோலகங்சார்

கிண்டல் இல்லை தங்கச்சி. 90 நிமிடத்தில் ஒருவர் காலில் பந்து இருப்பது மொத்தமாகச் சேர்த்தால் இரண்டு மூன்று நிமிடம்தான். மிச்ச நேரத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்பதைத்தான் பயிற்றுநர் பார்க்கிறார்.

2011 உலகக் கிண்ணக் காலிறுதி, அமெரிக்காவும் பிரேசிலும். 122வது நிமிடம், அமெரிக்கா ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. இடது பக்கத்திலிருந்து மேகன் ராப்பினோ நீளமாகத் தூக்கி அடிக்கிறார். ஏபி வாம்பாக் எங்கே நிற்கிறார் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார். தூரத்துக் கம்பத்தின் பக்கம். தடுப்பாட்டக்காரரின் கண் பந்தின் மேல் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் இருக்கும் வாம்பாக் மேல் இல்லை. கோல் காவலர் பந்தைப் பிடிக்க வெளியே வந்து தவறவிடுகிறார், தலையால் ஒரு முட்டு, கோல். ஆட்டம் சமமாகி, பெனால்டியில் அமெரிக்கா வென்றது. எல்லோருக்கும் அந்த முட்டு ஞாபகம் இருக்கும். நீ அதற்கு முந்தைய மூன்று நொடியைப் பார்.

உனக்கு வீட்டுப்பாடம்: பந்து உன்னிடம் வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார். பந்து வேண்டுமென்றால் முதலில் அதைவிட்டு இரண்டு அடி விலகிப் போ, உன்னைக் காவல் காப்பவள் பின்னால் வருவாள், சட்டென்று திரும்பி ஓடி வா. நீ அவளை இழுத்துக்கொண்டு போனதால் காலியான இடத்தில் உன் தோழி கோல் அடித்திருப்பாள். பயிற்றுநர் பாராட்டியது அதைத்தான்.

கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தால் ஆட்டம் முடிந்தது என்கிறாள் என் அத்தை.
– வாசகி, தெலுக் இந்தான்

அத்தை காலத்தில் அப்படித்தான். 2021 ஜனவரியிலிருந்து ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் உள்ள ஆட்டக்காரருக்குக் குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு சம்பளத்தோடு. விதி இருந்தாலும் சிலர் வழக்காடித்தான் வாங்க வேண்டியிருந்தது. ஐஸ்லாந்தின் சாரா பியோர்க் குன்னார்ஸ்தோத்திர் லியோன் கிளப்பின் மேல் புகார் கொடுத்து, நிலுவையான 82,000 யூரோவுக்கு மேல் பெற்றார். அலெக்ஸ் மார்கனுக்கு 2020 மே மாதம் குழந்தை பிறந்தது. 2022இல் 15 கோலோடு அமெரிக்க லீக்கில் முதலிடம். அத்தைக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், சண்டை வேண்டாம்.

தங்கை ஓடி வந்து சட்டென்று திரும்பும்போது முட்டியில் ‘டக்’ என்று சத்தம் கேட்டதாம். வீங்கியிருக்கிறது. பாட்டி சுளுக்கு எடுக்கச் சொல்கிறார்.
– அண்ணன், சிம்மோர்

தம்பி, சுளுக்கு எடுப்பவரிடம் போகாதீர்கள். எலும்பு, மூட்டு டாக்டரிடம் இன்றே போங்கள். யாரோ இடிக்காமலே, திரும்பும்போது டக் என்று சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம் என்றால் முட்டிக்குள் முன் சிலுவைத் தசைநார் கிழிந்திருக்கலாம். அதை உருவிவிட்டால் நிலைமை மோசமாகும். முதலில் ஐஸ் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், ஊன்ற விடாதீர்கள்.

இந்தக் காயம் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்குவது ஒரு காரணம். 2022 கடைசியில் ஒரு மாத இடைவெளியில் ஆர்சனலின் பெத் மீட், விவியான் மீடெமா இரண்டு பேருக்கும் இதே காயம். இருவரும் 2023 உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லை. சேம் கெர் 2024 ஜனவரியில் அடிபட்டவர், 2025 செப்டம்பரில்தான் திரும்பினார். அவர்களுக்குப் பக்கத்திலேயே டாக்டர் இருந்தும் இவ்வளவு காலம். அறுவைச் சிகிச்சை என்றால் தங்கைக்கு ஒன்பது மாதமாவது ஆகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தி ஆட வைக்கும் பயிற்றுநர் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு: ஃபிஃபா 11+ என்று 15 பயிற்சிகள் கொண்ட வார்ம்-அப் இருக்கிறது. இருபது நிமிடம்தான், பந்தும் அடையாளக் கூம்புகளும் தவிர வேறு சாமான் வேண்டாம். பள்ளிகளில் மூன்று ரவுண்டு திடலைச் சுற்ற விட்டு ஆட்டம் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும்.

அண்ணனுடைய பழைய பூட்ஸ் இருக்கிறது. பஞ்சு அடைத்துப் போட்டுக்கொள்ளலாமா?
– மாணவி, சுங்கை சிப்புட்

வேண்டாம். உள்ளே கால் நழுவினால் திரும்பும்போது முட்டிதான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். புதிதாக வாங்க வசதியில்லை என்றால் உன் அளவில் யாராவது போட்டுவிட்ட நல்ல ஜோடியாகப் பார். மத்தியானத்துக்கு மேல், காற்பந்துக் காலுறையோடு போட்டுப் பார்த்து எடு. பெரும்பாலான பூட்ஸ் ஆண்கள் காலுக்குச் செய்தவை, குதிகால் பக்கம் தளர்வாக இருக்கும்; அங்கே விரல் நுழைந்தால் அந்த ஜோடி உனக்கில்லை.