கிடங்கு மண்ணில் கேரட் போடலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் பூச்சிமருந்துக் கிடங்கை இடித்துவிட்டு, அந்த இடத்தில் மகளிர் குழு கீரையும் கேரட்டும் பயிரிடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கேரட் ஆசையை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள், அம்மா. 1997-இல் தடை செய்யப்பட்ட பிஹெச்சி, அதற்கும் முன்பே பயிர்களுக்குத் தடை செய்யப்பட்ட டிடிடி போன்ற பூச்சிமருந்துகள் மண்ணில் பல்லாண்டு தங்கும். கேரட் அவற்றைத் தோலிலேயே வாங்கிக்கொள்ளும்; பூசணி வேர்வழியே உறிஞ்சும்.

முதலில் அங்கே மூட்டை தூக்கிய பெரியவர்களைக் கேளுங்கள்: மருந்து எங்கே சிந்தியது, டின்களை எங்கே கழுவினார்கள்? மண் மாதிரியை அந்த மூலையில்தான் எடுக்க வேண்டும். வாசற்படி மண் எந்த ஊரிலும் யோக்கியமாகத்தான் இருக்கும்!

கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள், அதே ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் கிடந்தன. ஆகவே காலி டின்களை எடைக்குப் போடாதீர்கள். தண்ணீர் பிடித்து வைக்கவும் வேண்டாம்.

மாசுபட்ட இடங்களுக்கென்று மத்திய அரசு 2025-இல் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிடுவது உள்ளாட்சி அல்லது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. மனுவை அங்கே கொடுத்து, நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை கடப்பாறையை எடுக்காதீர்கள். கிளறிய மண் மழையில் நேரே கீழேயுள்ள ஓடைக்குத்தான் போகும்.