ஆறடி மீன்தொட்டி கசிகிறது என்று கேட்டவருக்கு

கீழ்மூலைக் கசிவுக்கு மேலால் கொஞ்சம் சிலிக்கன் பசை பூசினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. புது சிலிக்கன் பழையதில் சரியாக ஒட்டாது, அதனால் உள்பக்கப் பூச்சு முழுவதையும் பிளேட்டால் சுரண்டி, கண்ணாடியில் விரல் வழுக்காத அளவுக்குத் துடைத்து, பூஞ்சண மருந்து கலக்காத சிலிக்கனை இழுத்து, ஒரு கிழமை காயவிட்டு, முற்றத்தில் மட்டமான இடமாகப் பார்த்து வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். 6×2×2 அடி என்றால் தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட 680 கிலோ, விளையாட்டில்லை.

கிணற்று நீர் கடினம் என்று பயப்பட வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நீர் ஆப்பிரிக்க மலாவி ஏரி மீனான மலாவி சிக்லிட்டுக்கு நல்லாகவே ஒத்துவரும் (மென்னீர் மீனான டிஸ்கஸ் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்). ஆனால் பக்கத்தில் தோட்டக் காணி இருந்தால் உரத்தால் நைத்திரேற்று கூடியிருக்கலாம், அதை முதலில் சோதியுங்கள்.