பைத்தானில் ஃபங்ஷனுக்குள் லிஸ்ட்டை மாற்றினால் வெளியிலும் மாறுவது ஏன்?

ஃபங்ஷனுக்குள் அப்பெண்ட் (append, லிஸ்ட்டின் கடைசியில் ஒன்றைச் சேர்ப்பது) போட்டால் வெளியே இருக்கும் லிஸ்ட்டும் மாறுகிறது, சமக்குறி போட்டு வேறு லிஸ்ட் கொடுத்தால் மாறுவதில்லை, ஏன் இந்த முரண் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முரண் ஒன்றும் இல்லை. ஃபங்ஷனுக்கு லிஸ்ட்டைக் கொடுக்கும்போது பைத்தான் நகல் எடுப்பதில்லை. வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உள்ள பிள்ளை மாதிரி, அதே லிஸ்ட்டுக்கு உள்ளே இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

மார்க் = [40, 55, 70] என்று வைத்துக்கொள்வோம். ஃபங்ஷனுக்குள் இதன் பெயர் அ. அங்கே அ.அப்பெண்ட்(90) என்றால் இருக்கிற லிஸ்ட்டிலேயே 90 சேரும். வெளியே மார்க்கை பிரிண்ட் செய்தால் நான்கு எண்கள் வரும். அ = [1, 2] என்று எழுதினாலோ, அ என்ற பெயர்தான் புது லிஸ்ட்டுக்குத் தாவுகிறது. பழையதை யாரும் தொடவில்லை. (பைத்தான் 3-இல் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அப்பெண்ட், டெஃப் (def, ஃபங்ஷனை எழுதத் தொடங்கும் சொல்) போன்றவற்றைத்தான் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.)

ஆளைக் குழப்புவது += தான். அ = அ + [90] புது லிஸ்ட்டை உண்டாக்கும்; அ += [90] பழைய லிஸ்ட்டையே நீட்டும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. எண்களுக்குச் சரி, லிஸ்ட்டுக்கு ஆகாது. சந்தேகம் வந்தால் உள்ளேயும் வெளியேயும் ஐடி() (id, ஒரு பொருளின் அடையாள எண்ணைத் தருவது) போட்டுப் பாருங்கள். ஒரே எண் வந்தால் ஒரே லிஸ்ட்.

அப்புறம் டீஃபால்ட், அதாவது கூப்பிடும்போது எதுவும் கொடுக்காவிட்டால் ஃபங்ஷன் எடுத்துக்கொள்ளும் மதிப்பு. டெஃப் சேர்(பொருள், கூடை=[]) என்று எழுதி, கூடையில் பொருளை அப்பெண்ட் செய்து ரிட்டர்ன் செய்கிறீர்கள். சேர்("உப்பு") என்றால் உப்பு வரும். அடுத்து சேர்("புளி") என்றால் உப்பும் புளியும் சேர்ந்து வரும்! டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு முறைதான் அந்தக் காலி லிஸ்ட் உருவாகிறது. கூடை=நன் (None, 'ஒன்றுமில்லை' என்பதற்கான பைத்தான் மதிப்பு) என்று வைத்து, நன்னாக இருந்தால் உள்ளே புது லிஸ்ட் போடுங்கள்.

மார்க் = மார்க்.சார்ட்() என்று எழுதி லிஸ்ட்டையே தொலைப்பதும் அடிக்கடி நடக்கும். சார்ட் இருப்பதை அடுக்கிவிட்டு நன்னைத்தான் தரும். புது லிஸ்ட் வேண்டுமென்றால் சார்ட்டட்.

என் ஃபங்ஷன்கள் லிஸ்ட்டை மாற்றும், இல்லாவிட்டால் புதிதாக ஒன்றைத் திருப்பித் தரும்; இரண்டையும் சேர்த்துச் செய்யவிடுவதில்லை. பாப் (pop, லிஸ்ட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அதையே திருப்பித் தருவது) அப்படிச் செய்கிறதே என்றால், சரி, அது மட்டும் விலக்கு. மூல லிஸ்ட் மாறக் கூடாதென்றால் அனுப்பும்போதே மார்க்.காப்பி() கொடுங்கள். லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் இருந்தால் அது போதாது, உள்ளே இருப்பவற்றையும் நகலெடுக்கும் டீப்காப்பி (deepcopy) வேண்டும்.