ஆல்பத்துக்கு ரசிகர்களிடம் எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: எந்த இசை நிறுவனத்தையும் சாராமல் சொந்தமாகப் பாடி வெளியிடும் பாடகி நான். ஆறு பாடல்கள் கொண்ட ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்யப் போகிறேன். என் சேமிப்பு, செலவில் கால்வாசிக்குத்தான் வரும். மீதியைக் கிரவுட் ஃபண்டிங் மூலம் ரசிகர்களிடம் திரட்ட நினைக்கிறேன். எவ்வளவு தொகையை இலக்காக வைப்பது? குறைந்தால் தனிநபர் கடன் வாங்கி ஈடுகட்டலாமா?

பதில்: கடன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். பாட்டு மூலம் வரும் பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். சேமிப்பையும் முழுசாக இறக்காதீர்கள். அதில் ஒரு பகுதியை எடுத்து ஒரே ஒரு பாடலை மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) வரை முடித்துவிடுங்கள். ரசிகர்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு பாட்டு கிடைக்கும். அதைவிட முக்கியம், ஒரு பாட்டுக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்பது மனக்கணக்காக இல்லாமல் பில்லாகவே கையில் இருக்கும்.

அப்புறம் இலக்கு. பாடகர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஸ்டுடியோ வாடகை, வாத்தியக் கலைஞர்கள், மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கலப்பது), மாஸ்டரிங், அட்டைப்படம் எல்லாவற்றையும் கூட்டி, வரும் தொகையை அப்படியே இலக்காகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ரசிகர் தருவது நன்கொடை இல்லை, முன்பணம். பதிலுக்கு அவருக்கு நீங்கள் ஏதோ ஒன்றைத் தரவேண்டும். அந்தச் செலவும் இதே பணத்திலிருந்துதான் போகும்.

உங்கள் சேமிப்பிலிருந்து போட்டது போக, மீதி ஆல்பச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். ரசிகர்களுக்குத் தரும் பொருட்களைச் செய்து, கட்டி, அனுப்ப 20. எதிர்பாராத செலவுக்கு 12. ஆக 132 உங்கள் கைக்கு வந்து சேரவேண்டும். பணம் திரட்டித் தரும் இணையதளத்தின் கமிஷன், கார்டு கட்டணம், கடைசி நேரத்தில் கார்டு வேலை செய்யாமல் வராமல் போகும் தொகை எல்லாம் சேர்த்து 10 சதவீதம் கழியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட் ஃபண்டிங் தளத்தில், தளத்தின் பங்கு மட்டுமே 5 சதவீதம், கார்டு கட்டணம் தனி. 132-ஐ 0.9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 147. அதுதான் உங்கள் இலக்கு. பலர் 132-க்கு மேல் 10 சதவீதம் சேர்த்து 145 என்று போடுகிறார்கள். கமிஷன் மொத்த வசூலின் மீது பிடிக்கப்படுவதால் துண்டு விழும்.

இதில் வரி சேரவில்லை. பொருளுக்கு ஈடாக வாங்கும் பணத்தைப் பல நாடுகளில் வருமானமாகத்தான் பார்க்கிறார்கள். வசூல் ஒரு நிதியாண்டின் கடைசியில் வந்து, ஸ்டுடியோ செலவு அடுத்த ஆண்டில் விழுந்தால், செலவைக் கழிக்க வழியில்லாமல் முழு வசூலுக்கும் வரி கட்ட நேரலாம். அதனால் வசூலும் செலவும் ஒரே நிதியாண்டில் வருகிற மாதிரி தேதி குறியுங்கள். விற்பனை வரி உண்டா என்பதையும் சேர்த்து, தொடங்கும் முன்பே ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

டி-ஷர்ட் தரலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஐந்து அளவு, இரண்டு நிறம் என்றாலே பத்து வகை ஆகிவிடுகிறது. அச்சிடுபவர் ஒவ்வொரு வகைக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்பார். மிச்சம் வீட்டில் கிடக்கும். வெளிநாட்டு ரசிகருக்கு அனுப்பும்போது சட்டையின் விலையைத் தபால் செலவு தாண்டிவிடலாம். உங்கள் முதல் முயற்சிக்கு டிஜிட்டல் பொருட்களே போதும் என்பது என் கருத்து: மற்றவர்களுக்கு முன்பே பாடல்களைத் தரவிறக்கும் வசதி, பாட்டு உருவான விதத்தைக் காட்டும் டெமோ பதிவுகள், நன்றிப் பட்டியலில் பெயர், எண்ணிக்கை வரம்போடு ஆன்லைனில் ஒரு சிறு கச்சேரி. மிகச் சிறிய தொகைகளை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நிலையான ஒரு கட்டணம் பிடிப்பதால், சின்னத் தொகையில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். ஆல்பத்தின் வருமானத்தில் பங்கு தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது முதலீட்டுச் சட்டங்களுக்குள் உங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

எந்தத் தளம்? இலக்கை எட்டினால் மட்டுமே பணம் கைக்கு வரும் வகையைத் தேர்ந்தெடுங்கள். வந்தவரை எடுத்துக்கொள்ளலாம் என்ற முறை கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாதிப் பணம் வந்தாலும் முழு ஆல்பம் தரவேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் நிற்கும், கடைசியில் கடனில்தான் முடியும். வசூலாகும் பணம் நடுவில் யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். இசைக்கென்றே இயங்கிய பிளெட்ஜ்மியூசிக் என்ற கிரவுட் ஃபண்டிங் தளம் 2019-ல் மூழ்கியபோது, ரசிகர்கள் கட்டிய பணம் பல கலைஞர்களுக்கு வந்து சேரவே இல்லை. பணம் வந்ததும் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள், வீட்டுச் செலவோடு கலக்க விடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒரு கேள்வி. தருவதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? பிரிட்டனின் மாரிலியன் என்ற ராக் இசைக்குழு 1997-ல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போக முடியாமல் நின்றபோது, ரசிகர்கள் இணையம் வழியாகச் சேர்த்துத் தந்தது 60,000 டாலர். அமெரிக்கப் பாடகி அமாண்டா பாமர் 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு லட்சம் டாலர் கேட்டார், கிட்டத்தட்ட 25,000 பேரிடமிருந்து சுமார் 12 லட்சம் டாலர் வந்தது. இரண்டு பேருக்கும் கூட்டம் முன்பே இருந்தது, பல வருட மேடைகளில் சேர்ந்த கூட்டம். தளங்கள் பணம் வாங்கித் தரும், ஆளைப் பெரிதாகக் கூட்டி வராது.

எனவே இலக்கை, ஒருவர் சராசரியாகத் தரக்கூடிய தொகையால் வகுங்கள். எத்தனை பேர் தேவை என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு தாளில், நிச்சயம் தருவார்கள் என்று நீங்கள் நம்புகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். லைக் போட்டவர்களை எழுதக் கூடாது. கச்சேரிக்குக் காசு கொடுத்து வந்தவர்கள், முன்பு பாட்டை வாங்கியவர்கள், கேட்டால் மறுக்காத நண்பர்கள் மட்டும். தேவையான எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்காவது அந்தத் தாளில் இருந்தால் தைரியமாகத் தொடங்குங்கள். முப்பது நாள் போதும். இழுத்துக்கொண்டே போனால் நடுவில் சூடு ஆறிவிடும்.

அவ்வளவு பெயர் வராவிட்டால் ஆறு பாட்டை மூன்றாக்கி, இதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதற்கும் ஆள் போதவில்லையா? முடித்த ஒரு பாட்டை வெளியிட்டு, கேட்டு ரசிப்பவர்களின் மின்னஞ்சல்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். கிரவுட் ஃபண்டிங்கை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்.