மோல்டு சீனாவில், காப்பி நம் ஊர்க் கடையில்: என்ன செய்யலாம்?

கேள்வி: கோவையில் டேபிள்டாப் வெட் கிரைண்டர் செய்கிறோம். புது மாடலின் பிளாஸ்டிக் பாடிக்கு மோல்டு (அச்சு) செய்வதையும் பாடி அடிப்பதையும் செலவு குறைவு என்று சீனாவில் கொடுத்தோம். எட்டே மாதத்தில் அதே பாடி வேறு பெயரில் இங்கே விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்கா சீனா மேல் வரி போட்டது போல நம் அரசும் ஏதாவது செய்யுமா?

பதில்: வரியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 2018 ஜூலையில் அமெரிக்கா 25% வரி போடச் சொன்ன காரணங்களில் தொழில்நுட்பத் திருட்டும் ஒன்றுதான், ஆனால் அந்தப் பணம் போனது கஜானாவுக்கு, பறிகொடுத்தவர்களுக்கு இல்லை. ஏஎம்எஸ்சி என்ற அமெரிக்க நிறுவனத்தின் காற்றாலை மென்பொருளை, அவர்களுடைய ஆஸ்திரியக் கிளை ஊழியர் ஒருவரையே வளைத்து, சீன வாடிக்கையாளரான சினோவெல் 2011இல் எடுத்துக்கொண்டது. சினோவெல் குற்றவாளி என்று அமெரிக்க நீதிமன்றத்தில் முடிவானது 2018 ஜனவரியில். அதற்குள் ஏஎம்எஸ்சியில் கிட்டத்தட்ட 700 பேருக்கு வேலை போயிருந்தது. அரசே வழக்கு நடத்தியும் ஏழு வருடம்!

சரி, உங்கள் விஷயம். டிசைனை, அதாவது பாடியின் தோற்றத்தை, அரசிடம் பதிவு செய்ததாகக் கடிதத்தில் இல்லை. செய்யவில்லை என்றால் இந்த மாடலுக்குப் பெரிதாக வழியில்லை. சந்தைக்கு வந்துவிட்ட டிசைனுக்குப் புதுமை போய்விட்டது, இனிப் பதிய முடியாது. பதிப்புரிமை கேட்கலாம் என்றால், பதியத்தக்க டிசைனைப் பதியாமல் 50 எண்ணத்துக்கு மேல் உற்பத்தி செய்தாலே அதுவும் போய்விடும். உங்கள் பிராண்டைத் தொட்டிருந்தால் டிரேட்மார்க்கில் பிடிக்கலாம், அவர்கள்தான் உஷாராகப் பெயரை மாற்றிவிட்டார்களே.

அடுத்த மாடலுக்கு, டிராயிங் வாட்ஸ்அப்பில் போவதற்கு முன்பே இங்கே டிசைனைப் பதியக் கொடுத்துவிடுங்கள். 10 வருடப் பாதுகாப்பு, மேலே 5 வருடம் நீட்டிக்கலாம். அந்தத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் சீனாவிலும் விண்ணப்பித்தால் அங்கேயும் இந்தியத் தேதியே முன்தேதியாக நிற்கும். பிராண்டையும் அங்கே பதியுங்கள். நாம்தான் அங்கே விற்கவில்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் அங்கே முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் பெயர், அப்படி வேறொருவர் பதிந்துவிட்டால் உங்கள் சரக்கையே அவர்களுடைய சுங்கத்தில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிரேட்மார்க் கேட்கும் மாட்ரிட் முறையில் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம், இந்தியா 2013இல் சேர்ந்துவிட்டது.

அப்புறம் நம் சுங்கத்துறை. 2007ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவான டிசைனையும் டிரேட்மார்க்கையும் அவர்களிடம் ஆன்லைனில் பதிந்து வைத்தால், துறைமுகத்தில் இறங்கும் காப்பியை நிறுத்துவார்கள். அதற்குப் பத்திரமும் ஜாமீனும் கேட்பார்கள், சரக்கை நிறுத்தியதும் 10 வேலை நாளுக்குள் நீங்கள் நடவடிக்கையில் சேராவிட்டால் விட்டுவிடுவார்கள். 2018இல் பேட்டன்டை இந்த விதிகளிலிருந்து எடுத்துவிட்டதால், உங்களைப் போன்றவர்களுக்கு டிசைன் பதிவு எண்தான் ஆயுதம். கோர்ட்டுக்குப் போனால் தடையுத்தரவு கேளுங்கள். டிசைன் சட்டத்தில் நேரடியாகக் கிடைக்கும் தொகை அதிகபட்சம் 50,000 ரூபாய், வக்கீல் ஃபீஸுக்கே காணாது.

ஒப்பந்தத்தைச் சீன மொழியிலேயே போடுங்கள், மீறினால் இவ்வளவு என்று தொகையும் எழுதி, அந்தக் கம்பெனியின் சிவப்பு வட்ட முத்திரையும் விழ வேண்டும். வழக்கு அங்கேயே என்று இருக்கட்டும், கோவை கோர்ட் தீர்ப்பைக் காட்டி அங்கே வசூலிப்பது நடக்கிற காரியமில்லை.

நானாக இருந்தால் மோல்டு மட்டும் அங்கே செய்வேன், பாடியை இங்கே அடிப்பேன். மோல்டு கப்பலேறிய பிறகுதான் கடைசித் தவணை.