எத்தனை க்ரெடிட் ஏற்பீர்கள் என்று கேட்காதீர்கள்

கேள்வி: ஒஹாயோவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ரெஸ்பிரேட்டரி தெரபி (மூச்சுச் சிகிச்சை) படிப்பில் இரண்டாண்டு அசோசியேட் டிகிரி படிக்கிறேன். இன்னும் இரண்டு செமஸ்டர் பாக்கி. இங்குள்ள ஒரு யூனிவர்சிட்டியுடன் க்ரெடிட் (படித்த பாடங்களுக்கான புள்ளி) ட்ரான்ஸ்ஃபர் ஒப்பந்தம் இருக்கிறது, எல்லா க்ரெடிட்டும் அப்படியே போகும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். இப்போது கணவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்திருக்கிறது. நானும் உடனே அங்கே ஒரு காலேஜுக்கு மாறிவிடலாமா? இந்த ஒப்பந்தம் அங்கே செல்லுமா? நான்காண்டு பேச்சிலர் டிகிரி இல்லாவிட்டால் இந்தப் படிப்புக்கு மதிப்பே இல்லை என்று என் மைத்துனர் வேறு பயமுறுத்துகிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அவசரமான விஷயம். நடுவில் மாறாதீர்கள்.

ரெஸ்பிரேட்டரி தெரபி படிப்பில் ஒரு பேட்ச் மொத்தமும் சேர்ந்தே நகரும். வென்டிலேட்டரை ஒரு காலேஜ் இரண்டாம் செமஸ்டரில் தொடங்கும், இன்னொன்று மூன்றாவதில். கிளினிக்கல் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனைகளில் இத்தனை பேருக்குத்தான் இடம் என்று முன்பே கணக்குப் பண்ணி வைத்திருப்பார்கள். பாதியில் வந்து நிற்பவரை எந்தப் படியில் ஏற்றுவது என்று தெரியாமல், பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிடுவார்கள். அனாடமி, ஆங்கிலம் போன்றவை தப்பிக்கும். துறைப் பாடங்களும் கிளினிக்கலும் தப்பிப்பது அபூர்வம். இன்னொன்று, தெரபிஸ்டுகளுக்குத் தகுதிச் சான்று தரும் என்.பி.ஆர்.சி. நடத்தும் தேர்வை எழுத, இந்தத் துறைப் படிப்புகளைச் சரிபார்க்கும் கோஆர்க் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்துக் குறைந்தது அசோசியேட் டிகிரியாவது வாங்கியிருக்க வேண்டும். அரைகுறைப் படிப்புக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை. இரண்டு வீடு, இரண்டு வாடகை என்பது கஷ்டம்தான். ஆனாலும் கணவர் முன்னால் போகட்டும், நீங்கள் முடித்துவிட்டுப் போங்கள்.

சரி, ஒப்பந்தம் டெக்சாஸில் செல்லுமா? செல்லாது. அது கையெழுத்துப் போட்ட இரண்டு கல்லூரிகளுக்கு இடையிலான சமாசாரம். ஒஹாயோவில் அரசுக் கல்லூரிகளுக்குள் 36 க்ரெடிட் மணிநேரப் பொதுப் பாடங்கள் தடையில்லாமல் மாறும் ஏற்பாடு உண்டு. டெக்சாஸில் அதேபோல 42 க்ரெடிட் மணிநேரக் கோர் என்ற பொதுப் பாடத் தொகுப்பு. இரண்டுமே அந்தந்த மாநில எல்லைக்குள்தான். உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஏற்கெனவே ஆர்.ஆர்.டி. (என்.பி.ஆர்.சி. தேர்வில் தேறிப் பதிவுபெற்ற தெரபிஸ்ட்) ஆனவர்களுக்காக நடத்தப்படும் பேச்சிலர் படிப்புகளில் பல ஆன்லைனில்தான் நடக்கின்றன. அந்த ஒஹாயோ யூனிவர்சிட்டியின் படிப்பும் அப்படி இருந்தால், டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம். அங்கே குடியிருப்பவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா, வெளிமாநிலக் கட்டணம் கேட்பார்களா, இந்த இரண்டையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இனி, 'எல்லா க்ரெடிட்டும் அப்படியே போகும்' என்ற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். அதை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். நான் பேச்சிலருக்கு மாறியபோது ஒரு க்ரெடிட்டைக்கூட மறுக்கவில்லை. சந்தோஷமாகச் சேர்ந்துவிட்டேன். அப்புறம் டிகிரிக்கு எது எது கணக்கானது என்று காட்டும் டிகிரி ஆடிட்டைத் திறந்து பார்த்தால், நான் உயிரைக் கொடுத்துப் படித்த ஃபார்மகாலஜி 'எலெக்டிவ்' (விருப்பப் பாடம்) என்ற மூலையில் கிடக்கிறது. எலெக்டிவுக்கு இருந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், அதற்கு மேல் வந்தவையெல்லாம் வெறும் அலங்காரம். கூடுதலாக மூன்று பாடம் படித்தேன், காசு கட்டித்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. க்ரெடிட்டை ஏற்பது ஒன்று, அதை டிகிரிக்குக் கணக்கில் எடுப்பது வேறொன்று; அவர்கள் சொன்னது முதலாவதை மட்டும்.

கணக்கைப் பாருங்கள். பேச்சிலர் என்றால் வழக்கமாக 120 க்ரெடிட். அசோசியேட் முடிக்கும்போது கையில் 70 இருந்தால், மீதி 50 என்று மனம் கழித்துப் பார்க்கும். ஆனால் கடைசி 30 க்ரெடிட்டையாவது எங்களிடம்தான் படிக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. மேல்நிலைப் பாடங்கள் (மூன்றாம், நான்காம் ஆண்டுக்கானவை) இத்தனை என்று தனியாக இன்னொரு விதி. கம்யூனிட்டி காலேஜ் பாடங்களோ கீழ்நிலை எண்களில் இருப்பவை. அந்த 50 சத்தமில்லாமல் 60, 65 ஆகிவிடும்.

அதனால், எத்தனை க்ரெடிட் ஏற்பீர்கள் என்று கேட்காதீர்கள். 'நான் ஆர்.ஆர்.டி. வாங்கிக்கொண்டு வந்தால், டிகிரி முடிக்க இன்னும் எந்தெந்தப் பாடங்கள், மொத்தம் எத்தனை க்ரெடிட்?' என்று கேளுங்கள். பதில் மின்னஞ்சலில் வரட்டும். போனில் சொன்னதற்கு ரெஜிஸ்ட்ரார் பொறுப்பேற்க மாட்டார்.

உங்கள் டிகிரி ஏ.எஸ்.ஸா (அசோசியேட் ஆஃப் சயன்ஸ்), ஏ.ஏ.எஸ்.ஸா (அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயன்ஸ்) என்றும் பாருங்கள். ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று விட்டுவிட வேண்டாம். ஏ.ஏ.எஸ். வேலைக்குத் தயார் செய்யும் டிகிரி என்பதால், ஒப்பந்தம் இல்லாத இடத்தில் துறைப் பாடங்களைத் தட்டிக்கழிக்க வாய்ப்பு அதிகம். ஒப்பந்தத்தின் உண்மையான பயன் இங்கேதான். உங்கள் துறைப் பாடங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் குறை சொல்லாமல், ஆர்.ஆர்.டி.யைப் பார்த்து ஒரே கட்டாக எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் உண்டு. உங்களுடையது அந்த வகையா என்று அட்வைசரிடம் பிரதி வாங்கிப் படியுங்கள், விளம்பரத் தாளை அல்ல. எந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கு அது பொருந்தும், எப்போது காலாவதியாகிறது, பாடத்துக்குக் குறைந்தபட்சம் 'சி' போதுமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எல்லாப் பாடத்தின் சிலபஸையும் சேமித்து வையுங்கள்; வேறு யூனிவர்சிட்டிக்குப் போக நேர்ந்தால் வாதாட அது ஒன்றுதான் கைகொடுக்கும். புள்ளியியல் போல அங்கே எப்படியும் கேட்கும் பாடம் ஒப்பந்தத்தில் இருந்தால், கம்யூனிட்டி காலேஜின் குறைந்த கட்டணத்திலேயே முடித்துவிடுங்கள்.

மைத்துனர் சொல்வதில் பாதிதான் சரி. துறையின் தொழில்முறைச் சங்கமான ஏ.ஏ.ஆர்.சி. பல ஆண்டுகளாகப் பேச்சிலரை வலியுறுத்துகிறது. சூப்பர்வைசர் பதவி, கற்பித்தல் என்று போகும்போது அது தேவைப்படும். ஆனால் அசோசியேட் டிகிரியோடு ஆர்.ஆர்.டி. ஆனவர் லைசென்ஸ் வாங்கி ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கத் தடை இல்லை. டெக்சாஸில் அந்த லைசென்ஸைக் கொடுப்பது டெக்சாஸ் மெடிக்கல் போர்டு. என்.பி.ஆர்.சி. முடிவு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். வேலைக்கான நேர்காணலில், பேச்சிலர் படிப்புக்குக் கட்டண உதவி உண்டா, எத்தனை மாதம் வேலை பார்த்த பிறகு கிடைக்கும் என்று கேளுங்கள். பல மருத்துவமனைகள் கொடுக்கின்றன, நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.